அசையாமல் இருக்கும் வேலை

நான் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமானது சும்மா உட்கார்ந்திருந்த வேலைதான். அதற்கு முன்னால் செங்கல்பட்டில் லாரி கிளீனராக இருந்தேன். மாமல்லபுரத்தில் சிலை வெட்டுகிற பட்டறைகளில் கல் தூசு வாரினேன். அதே ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். வேடந்தாங்கலில் ஒரு சீசன் முழுக்க, பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பைனாகுலர் வாடகைக்குக் கொடுத்தேன். ஊரப்பாக்கத்தில் வரிசையாகக் கட்டடங்கள் எழும்பியபோது மணல் சலித்தேன். எந்த இடத்திலும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்ததும் இந்த ஊர் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அப்படித்தான். வாத்தியார் அடித்ததாகவோ வீட்டில் காசில்லை என்றோ சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் அதற்காக நான் போகவில்லை.

சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஓட்டல்களில் ஆள் குறைத்தார்கள். அங்கே இங்கே அலைந்துவிட்டு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தேன். சட்டை, விசில், டார்ச் கொடுத்தார்கள். சட்டை வேறு யாரோ போட்டுக் கழற்றியது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடல் பக்கம் போகிற சாலையில், ஒரு பெரிய காலி நிலத்தின் கேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வேன் திரும்பிவிட்டது.

மூன்று பக்கம் புது முள்கம்பி, ஒரு பக்கம் ஏரிக்கரை. உள்ளே வேலிகாத்தான் வெட்டிய அடிக்கட்டைகள், நாலைந்து பனை, மற்றதெல்லாம் மண்ணும் வெயிலும். கேட்டை ஒட்டி ஒரு தகர ஷெட், அதில் ஒரு கட்டில். கடல் அங்கிருந்து தெரியாது. மத்தியானத்துக்குமேல் அதன் காற்று மட்டும் வரும். கேட்டுப் பூட்டு அந்த உப்பில் துருப்பிடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு எண்ணெய் விடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு டீக்கடை. நடத்தியவள் பக்கத்து ஊர்ப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என் பெயரைக் கேட்டதே இல்லை.

"யோவ் வாச்மேன், உள்ள இன்னா கீதுன்னு காவல் காக்கறே?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு ஒரு ஆளு, ஒரு விசிலு. நல்லா கீதுய்யா உங்க கம்பெனி."

அவள் குடும்ப நிலத்திலும் பாதி அந்த வேலிக்குள் போயிருந்தது. விற்று வந்ததில் கடைக்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறக்கி, புதிதாக நாலு பெஞ்சு போட்டிருந்தாள். அங்கே கட்டப்போவதாகச் சொன்ன தொழிற்சாலை வந்தால் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் இறங்குமே என்ற எண்ணம். அதுவரை அந்தப் பெஞ்சுகளில் பெரும்பாலும் நான் ஒருவன்தான் உட்கார்ந்தேன். எந்தப் பெஞ்சு என்பதை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் எஞ்சினியர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் சிப் செய்கிற தொழிற்சாலையில் பல வருடம் இருந்தவர். இங்கேயே ஒன்று கட்டப்போகிறார்கள் என்றதும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள். தொழிற்சாலை உறுதியானதும் கூட்டி வரலாம் என்று ஊரப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருந்தார்.

ஆட்களை வைத்து, சாலையிலிருந்து ஆகத் தூரமான வடகிழக்கு மூலையில் பள்ளம் தோண்டி ஒரு கான்கிரீட் கட்டையை இறக்கினார். அதன் மேல் பிஸ்கட் டப்பா அளவில் ஒரு கருவி. அதற்கு ஒரு மூடி, பக்கத்தில் ஒரு லாரி பேட்டரி. பிறகு அவரே குனிந்து, கபடி ஆட்டத்துக்குக் கோடு போடுகிற மாதிரி, சுற்றிலும் சுண்ணாம்பு தூவினார்.

"இதுக்குள்ள யாரும் வரக்கூடாதுங்ணா. ஆடு, மாடு, நீங்க, நானு, யாருமே."

"இன்னா சார் அது, பாம் எதுனாவா?"

சிரித்தார். "பூமி எவ்வளவு ஆடுதுன்னு அளக்கிறதுங்க."

"பூமி ஆடுதா சார்?"

"எப்பவுமே ஆடிட்டேதானுங்க இருக்குது. லாரி போனா ஆடும், அங்க கடல் அடிச்சா ஆடும். நமக்குத் தெரியறதில்ல."

சிப்பில் போடுகிற கோடு, ஒரு தலைமுடியைப் பிளந்து, பிளந்ததை மறுபடி பிளந்துகொண்டே போனால் வருகிற அளவில் இருக்குமாம். கோடு போடுகிற மெஷின் துளி நடுங்கினாலும் அத்தனையும் வீண். பட்டறையில் சிலைக்கு மூக்கு செதுக்குகிறவரின் தோளை யாரும் தொடமாட்டார்கள். அதைப்போல என்று நான் புரிந்துகொண்டேன்.

அரசாங்க விஷயத்தையும் அவர்தான் சொன்னார். நம் நாட்டிலேயே சிப் செய்ய முன்வருகிறவர்களுக்கு, கட்டுகிற செலவில் ஒரு பங்கை மானியமாகத் தருவதாக டெல்லியில் அறிவித்திருந்தார்கள். அந்த மானியம் கிடைத்தால்தான் மெஷின்களைக் கொண்டுவந்து கூட்டுச் சேருவேன் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் சொல்லியிருந்தார். அந்த வெளிநாட்டுக்காரர் இன்னொன்றும் கேட்டார். இந்த நிலம் ஆடாத நிலம்தான் என்று ஒரு மாதம் இடைவெளி விடாமல் அளந்து காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மானிய மனுவில் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்து இல்லாமல் மனு டெல்லிக்குப் போகாது.

ஆக, அந்த ஒரு மாதத்துக்கு என் வேலை அசையாமல் இருப்பது. சைக்கிள் உள்ளே கூடாது. விறகு பிளக்கக் கூடாது. கேட்டுக்கு வெளியே கல்லு கூட்டிச் சமைத்தேன். ஆடு மேய்க்கிறவர்கள் வந்தால் விசில் ஊதாமல் கையை ஆட்டி விரட்டினேன். விசிலால் பூமி ஆடாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் ஊத மனம் வரவில்லை. மற்ற நேரமெல்லாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வருவது, போவது, பனை ஓலை சரசரப்பது, காற்று வந்தால் கேட்டுச் சங்கிலி ஆடுவது. யாரோடும் பேசாமல் ஒரு நாள் முழுக்கப் போகும். சாயங்காலம் டீ சொல்லும்போது குரல் கரகரக்கும்.

எஞ்சினியர் சனிக்கிழமைதோறும் வந்து, கருவியில் பதிந்திருந்ததை லேப்டாப்பில் ஏற்றிப் பார்ப்பார். நீளமான ஒரு கோடு. அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னச் சின்ன நடுக்கம். பஸ் போகிற நேரங்களில் லேசாக மேடு தட்டும். அப்படி ஒரு சனிக்கிழமை திரையில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது யாருங்ணா? தினமும் மூணு மணிக்கு?"

பார்த்தேன். மெல்லிய பல்வரிசை மாதிரி இருந்தது.

"நான்தான் சார். ஷெட்டுக்குப் பின்னால ரெண்டு நடை நடப்பேன்."

"ஏதாவது வேலையாவா?"

"இல்ல சார், சும்மா. உக்காந்துகினே இருந்தா கால் கேக்க மாட்டேங்குது."

திட்டுவார் என்று நினைத்தேன். "கேட்டுக்கு வெளியே போயி நடங்க" என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அந்த நேரந்தானுங்க. ஆபீஸ்ல காரிடார்ல நடப்பேன். பாப்பா அங்க படிப்பு முடிச்சு வீட்டுக்கு வர்ற நேரம்" என்றார்.

இத்தனை ஊர்களில் நடந்திருக்கிறேன். நான் நடந்தது ஓரிடத்தில் பதிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தொழிற்சாலை வந்துட்டா உங்களை ஏஜென்சியில இருந்து எடுத்து நம்ம ஆளாவே போட்டுக்கலாங்ணா. குவார்ட்டர்ஸ் கட்டுவோம். ஒரு ரூமு, ஒரு கிச்சன்."

"எனக்கு இன்னாத்துக்கு சார் கிச்சன்?"

"கிச்சன் இல்லாம எப்படிங்க வீடாகும்?"

அது சாதாரணப் பேச்சுதான். அவருக்கு மறந்தும் போயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. என் பெயரில் ரேஷன் கார்டு இருந்ததில்லை. விலாசம் இருந்தால்தானே கார்டு. உள்ளிருந்து தாழ்போடுகிற ஓர் அறையில் நான் தனியாகப் படுத்ததும் இல்லை. லாரிக்கு அடியில், பட்டறைக் கொட்டகையில், ஓட்டல் மொட்டை மாடியில் எட்டுப் பேரோடு படுத்திருக்கிறேன். அதையெல்லாம் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. அந்த வாரம் முழுக்க நினைத்தேன். குவார்ட்டர்ஸ் எங்கே கட்டுவார்கள் என்று யோசித்து, பனைகளுக்குப் பக்கத்தில்தான் என்று நானே முடிவுசெய்தேன். ஓரிடத்தில் இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அந்த ஒரு முறைதான். அதற்கு டெல்லியிலிருந்து மானியம் வர வேண்டியிருந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. எஞ்சினியர் அதிகாரிகளைப் பார்க்க டெல்லி போயிருந்தார். காலை வெயில் ஏறுவதற்குள் கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு போர்வெல் லாரி, அதன் பின்னால் கம்பிகள் ஏற்றிய இன்னொரு லாரி. காரிலிருந்து சென்னை ஆபீஸ் மேனேஜர் இறங்கினார். கூடவே ஓர் ஐயர், நெற்றியில் பெரிய சந்தனத்தோடு ஒரு வாஸ்துக்காரர்.

"கேட்டைத் திறப்பா."

"சார், அளவு ஓடிக்கினு கீது. இன்னும் ஒரு வாரம் கீது சார். யாரையும் வுடக் கூடாதுன்னு எஞ்சினியர் சார்..."

"எஞ்சினியரையும் உன்னையும் வேலைக்கு வெச்சவரு மொதலாளி. ஆடி பொறக்கப் போவுது. அதுக்குள்ள தண்ணி எடுத்தாகணும்னு அவர் உத்தரவு. ஆடியில எவனாவது போர் போடுவானா? தெற."

வாஸ்துக்காரர் உள்ளே போனதும் நேராக வடகிழக்கு மூலையைக் காட்டினார். ஈசானிய மூலை. தண்ணீர் அங்கேதான் இருக்க வேண்டும், அதுவும் ஆனி முடிவதற்குள் நல்ல நேரத்தில் எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் டெல்லியிலிருந்து மானியம் தடையில்லாமல் வரும் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தாராம். முதலாளி கெட்டவர் இல்லை. மானியம் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கும் என்னைப்போலவே இருந்தது.

நான் டீக்கடைக் காயின் போனுக்கு ஓடினேன். எஞ்சினியரின் செல் அடித்து அடித்து நின்றது.

"இன்னாய்யா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?" என்றாள் அக்கா.

"போர் போடப் போறாங்கக்கா. அந்தக் கருவி பக்கத்துல."

"தண்ணி வந்தா நல்லதுதானே?"

அவளுக்கு விளக்க நேரமில்லை. திரும்பி ஓடியபோது லாரியின் டயர்கள் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றன. கருவியை யாரும் சேதப்படுத்தவில்லை. "அது காஸ்ட்லி ஐட்டம், பாத்து" என்று மேனேஜரே சொன்னார். ஐயர் லாரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறதே என்று கருவியின் மூடிக்கும் ஒரு பொட்டு வைத்தார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசணிக்காய் உடைந்தது. பிறகு கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. கேட்டில் நின்ற என் உள்ளங்காலில் நிலம் நடுங்கியது தெரிந்தது. சாயங்காலம் வரை நடுங்கியது. முதலில் சாம்பல் நிறத்தில் சேறு பீய்ச்சியது, பிறகு நல்ல தண்ணீர். எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தின்றேன்.

எஞ்சினியர் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். லேப்டாப்பைத் திறந்ததும் கோடு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. அதை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"இந்தப் பொட்டு?"

"ஐயரு வெச்சது சார்."

அவர் சிரித்தார். சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுண்ணாம்புக் கோட்டுக்குள், யாரும் வரக்கூடாது என்று அவரே சொன்ன இடத்தில், சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். புது போரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டுக்காரரிடம் பேசி இன்னும் ஒரு மாதம் வாங்கினார். மனு கொடுக்கக் கடைசி நாளும் அந்த மாதத்தோடு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும், இந்த முறை பிசகினால் அவ்வளவுதான்.

அந்த மாதம் ஆடி மாதம். அதை எனக்கு நினைவுபடுத்தியவள் டீக்கடை அக்கா.

"மூணாவது ஞாயித்துக்கெயமை கூய் ஊத்தறோம். சாயந்தரம் ஆத்தா ஊர்வலம். உங்க வேலி ஓரமாத்தான் போவும், வேற வழி இல்ல. டிராக்டரு, ஜெனரேட்டரு, பம்பை செட்டு. உன் டப்பா தாங்குமா?"

எஞ்சினியரிடம் சொன்னேன். அவர் முகம் சோர்ந்தது. "சாமி விஷயங்ணா. நாம போயி கேக்கக் கூடாது" என்றார். அவர் கேட்கக் கூடாதுதான். நான் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டு அடி விழுந்தாலும் எனக்குப் போகிற மரியாதை ஒன்றும் இல்லை.

திருவிழாவுக்கு வசூல் பேச அம்மன் கோயில் வாசலில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். அக்கா என்னைக் கூட்டிப் போனாள். நான் நின்றுகொண்டு சொல்லி முடித்தேன். முதலில் பேசியவர் பம்பை அடிக்கிறவர். கறுத்து உயரமான ஆள்.

"இன்னாது? ஆத்தாள மெதுவா அடி எடுத்து வெச்சு வரச் சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். "வாச்மேன் அண்ணாத்த, ஆத்தாகிட்டயே கேட் பாஸ் கேப்பே போல கீதே" என்றான் ஒருவன்.

"நடக்க வாணாம்னு சொல்லலண்ணா. அந்த வேலி ஓரம் மட்டும் பம்பையும் டிராக்டரும் வாணாம். தாண்டுனதும் அடிச்சுக்குங்க."

"பம்பை இல்லாம ஆத்தா நகருவாளா? எங்கப்பன் காலத்துலேர்ந்து ஒரு எடத்துலயும் கைய நிறுத்தனதில்ல."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "உங்கப்பன் காலத்துல அங்க வேலி இருந்துச்சா? நம்ம நெலம் இருந்துச்சு. குடுத்தாச்சு. இன்னாத்துக்குக் குடுத்தோம்? புள்ளைங்களுக்கு வேல வரும்னுதானே? ஒரு வேலி நீளம் கையக் கட்டிக்கினு வா. ஆத்தா கோச்சுக்கினா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறேன்."

"ஆத்தா வந்தா உன் கடை டீயைத்தான் குடுப்பியா?"

"கூய் குடுப்பேன். டீ அவளுக்கு ஒத்துக்காது."

"எங்களுக்கு மட்டும் ஒத்துக்குதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு. பம்பைக்காரர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வந்தா உனக்கு இன்னாய்யா கெடைக்கும்?"

"ஒரு ரூம்பு."

"ரூம்பா?"

"ஆமாண்ணா. கதவோட."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். பம்பைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு வேலி நீளம். அதுக்கு மேல ஒரு அடி கூட இல்ல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்த பிறகு ஊர்வலம் வந்தது. தூரத்தில் பம்பை அதிர்ந்துகொண்டே நெருங்கியது. வேலி ஆரம்பிக்கிற இடத்தில் சட்டென்று நின்றது. டிராக்டர் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் அணைத்தார்கள். சீரியல் விளக்குகள் அணைந்தன. வாலிபர்கள் வடம் கட்டி அம்மன் வண்டியை இழுக்கத் தொடங்கினார்கள். பெண்கள் வேப்பிலையும் பானையுமாக, செருப்பில்லாத காலை மெதுவாக ஊன்றி நடந்தார்கள். குழந்தை ஒன்று ஏதோ கேட்டது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பம்பைக்காரரின் பம்பை இடுப்பில் தொங்கியது. அவருடைய கைகள் மட்டும் தோலைத் தொடாமல் காற்றில் அடித்துக்கொண்டே போயின. நான் கேட்டுக்கு உள்ளே கையைக் கூப்பியபடி நின்றேன். அம்மன் என்னைக் கடந்து போனபோது வண்டிச் சக்கரம் மண்ணில் நெரிகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. அத்தனை பேர் எனக்காக ஒரு காரியம் செய்தது அதற்கு முன்னால் இல்லை. எல்லோரும் போன பிறகு நிலம் முன்பைவிடப் பெரியதாகத் தெரிந்தது. வேலி முடிந்த இடத்தில் பம்பை வெடித்துக் கிளம்பியது. உள்ளே என் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை எஞ்சினியர் அந்த நேரத்தைத் தேடிப் பார்த்தார். தாழ்வாக, நீளமாக ஒரு மேடு.

"இது அவங்கதானுங்களா?"

"ஆமா சார்."

"ஒரு லாரி போறதுக்கும் குறைவுங்ணா. ஊரே போயிருக்குது, ஒரு லாரிக்கும் குறைவு." அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் பிசகில்லாமல் முடிந்தது. வெளிநாட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். மனு டெல்லிக்குப் போனது. அக்கா அன்று எனக்குக் கொடுத்த டீக்குக் காசு வாங்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். ஐப்பசி மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்து போனது. அது இருந்த இடம் எனக்குத் தெரியும், அதைத் தாண்டாமல் சுற்றியே போனேன். பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். அளக்க ஒன்றும் இல்லாததால் எஞ்சினியர் வருவது மாதத்துக்கு ஒரு முறை ஆனது, அப்புறம் அதுவும் இல்லை. நான் இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். நடந்து பார்த்தேன். ஏரிக்கரை வரை போய்த் திரும்பினால் கேட்டு, மறுபடி ஏரிக்கரை. பொங்கல் வந்து போனது. டெல்லியிலிருந்து கேள்விகள் வந்ததாகச் சொன்னார்கள். பதில் போனதாகச் சொன்னார்கள். மானியம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தருகிறேன் என்றும் சொல்லவில்லை. அக்கா தினமும் கேட்பதை நிறுத்தி, வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள்.

அடுத்த மழைக்கு முன்னால் உலகம் முழுக்க பாங்குகள் சரிந்து பணம் முடங்கியது. வெளிநாட்டுக்காரர் விலகிக்கொண்டார். அதைச் சொல்ல எஞ்சினியர் நேரில் வந்தார். கருவியைக் கட்டையிலிருந்து கழற்ற நான் உதவினேன். குங்குமப் பொட்டு மங்கலாக அப்படியே இருந்தது.

"வேற நாட்டுல போயி கட்டுறாருங்ணா. அங்க கேட்ட உடனே பணம் குடுத்துட்டாங்க" என்றார். திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அது பூகம்பம் வர்ற நாடுங்க. வருஷத்துக்குப் பத்து தடவை ஆடுற பூமி" என்றார்.

"நம்ம போர் போட்டதாலயா சார்?"

"இல்லீங்ணா. நம்மளை மாதிரி மனு குடுத்த மத்தவங்களும் எங்கயும் கட்டலீங்க. ஒருத்தருமே."

அவர் சிங்கப்பூருக்கே திரும்புவதாக இருந்தது. காருக்குள் கருவியை வைத்துவிட்டு நின்றார். "உங்களுக்குச் சொன்னதைச் செய்ய முடியலீங்க."

"பரவால்ல சார். நீங்க பாப்பாகிட்ட போங்க."

அந்த மாதக் கடைசியில் ஏஜென்சியிலிருந்து டீக்கடைக்குப் போன் வந்தது. முதலாளி நிலத்தை மனை போட்டு விற்கப் போகிறார், இனிமேல் காவல் வேண்டாம், சட்டையையும் டார்ச்சையும் கணக்கு முடிக்க வரும்போது ஒப்படைத்துவிடு என்றார்கள். மூட்டை கட்ட அதிக நேரம் ஆகவில்லை. சாவியை அக்காவிடம் கொடுத்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுத்தேன். அவள் அதை டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு பெஞ்சில் இரண்டை ஏற்கெனவே யாருக்கோ விற்றிருந்தாள்.

"எங்க போவப் போறே?"

"மாமல்லபுரம். ஓட்டல்ல கேட்டுப் பாக்கணும்."

"எங்க கொல்லையில மோட்டார் ரூம்பு சும்மாதான் கீது. கதவு கீது, தாப்பா கீது. இருந்துக்க. வயல்ல தண்ணி கட்டு, கஞ்சி ஊத்தறோம்."

நான் எதிர்பார்க்கவில்லை. அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் கேட்டிருந்ததும் அதைத்தானே, ஒரு அறை, ஒரு கதவு. ஆனாலும் வாய் வேறு சொன்னது.

"வாணாம்க்கா."

"ஏன்?"

"வாணாம்."

"கெவுர்மெண்டு குடுத்தாத்தான் இருப்பியா? நாங்க குடுத்தா இருக்க மாட்டியா?"

அந்த ஊரே எனக்காக ஒரு முறை பம்பையை நிறுத்தியிருந்தது, அதற்குப் பலனாக ஒன்றும் வரவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கும் வேலை இல்லை. அந்த ஊரில், அவர்கள் கண்ணெதிரே, நான் மட்டும் ஓர் அறையோடு உட்கார்ந்திருப்பதை நினைக்க முடியவில்லை. இதை அப்போது இப்படிச் சொல்லத் தெரியவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். அவள் டம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் இறங்கிவிட்டேன். ஏன் என்று தெரியாது. ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், அக்கா கடை வழியாகத் திருக்கழுக்குன்றம் போகிற பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். நான் கையைக் காட்டவில்லை. அது போய்விட்டது. அடுத்து மாமல்லபுரம் பஸ் வர நேரமாயிற்று. வந்ததும் அதில் ஏறிக்கொண்டேன்.